4 சென்ட், 38 லட்சம், 14 சதுரம்: என் கணக்கு சரியா?

கரிசல்வீட்டான் | 11 ஜனவரி 2025

வணக்கம். ஆறு மாதமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன். கோவில்பட்டிக்கு வெளியே, ஊராட்சி எல்லைக்குள், அப்பா 2014-இல் வாங்கிப்போட்ட 4 சென்ட் மனை இருக்கிறது. அகலம் 32 அடி, நீளம் 54½ அடி, கிழக்குப் பார்த்தது. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரில் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

சேமிப்பு 12 லட்சம். சீட்டு எடுத்தது, மனைவியின் நகை என்று 6 லட்சம். வீட்டுக்கடன் 20 லட்சம். ஆக 38. ஊரில் ஒரு கான்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் சொல்கிறார். தரைத்தளத்திலேயே 14 சதுரம் (ஒரு சதுரம் 100 சதுர அடி) போட்டால் 32 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. மீதி 5 லட்சத்து 80 ஆயிரத்தில் அலமாரி, கிரகப்பிரவேசம் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. பிளான் அப்ரூவலைக் கேட்டால், "இப்பல்லாம் அது தேவையே இல்ல சார், ஆன்லைன்ல ஒரே நாள்" என்கிறார். தை மாத வாஸ்து நாளில் பூஜை போடலாம் என்று இருக்கிறோம். எதையாவது விட்டுவிட்டேனா?


சதுரக்கணக்கு | 11 ஜனவரி 2025

திருநெல்வேலியில் சின்னதாக ஒரு கட்டட ஆலோசனை அலுவலகம் வைத்திருக்கிறேன். தம்பி, முதலில் ஒரு பென்சிலை எடுங்கள்.

உங்கள் மனையில் தரைத்தளத்திலேயே 14 சதுரம் வராது. 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வீட்டைச் சுற்றி இடம் விட வேண்டும். முன்னால் எவ்வளவு என்பது ரோட்டின் அகலத்தைப் பொறுத்தது. பக்கவாட்டில் மனையின் அகலமும் கட்டட உயரமும் தீர்மானிக்கும். வாதத்துக்கு, பக்கத்துக்கு ஒரு மீட்டர் மட்டும் என்று குறைத்தே வையுங்கள். 32 அடியில் ஆறரை அடி போய்விட்டது. முன்னால் இரண்டு மீட்டர் விட்டால் நீளத்தில் இன்னொரு ஆறரை. பின்சுவரை எல்லையில் ஒட்டி வைத்தாலும் 25½-க்கு 48, அதாவது 1,224 அடிதான். உங்கள் கான்ட்ராக்டர் 14 சதுரம் என்கிறார் என்றால், பக்கத்தில் இடமே விடாமல் கட்டப்போகிறார், அல்லது போர்டிகோ, சன்ஷேடு, மாடிப்படி எல்லாவற்றையும் சதுரத்தில் சேர்த்து எண்ணுகிறார். எது என்று கேளுங்கள். எதைச் சேர்த்து அளக்கிறார், எந்த விகிதத்தில் அளக்கிறார் என்பதை எழுதி வாங்காமல் 2,300 நல்ல விலையா கெட்ட விலையா என்று என்னாலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, அந்த 5 லட்சத்து 80 ஆயிரம் மீதியே அல்ல. எங்கள் பக்கத்தில் சதுர அடி விலைக்குள் பொதுவாக வராதவை இவை: கம்பவுண்டும் கேட்டும் (உங்கள் மனைக்கு 3 லட்சத்தை ஒட்டி), போர்வெல்லும் மோட்டாரும் (1.3), தரைக்கடியில் தண்ணீர்த் தொட்டியும் செப்டிக் டேங்கும் (1.7), அடுக்களை, அலமாரி (சிக்கனமாகவே 2.5), பிளான் கட்டணம், தொழிலாளர் நல வரி, மின் இணைப்பு, பேங்க் செலவுகள் (1). கூட்டினால் 9½ லட்சம். கட்டுமான மதிப்பில் 1 சதவீதத் தொழிலாளர் நல வரியைப் பலரும் பணம் கட்டும் அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறார்கள். இப்போதைய (2025 ஜனவரி) விதிப்படி 10 லட்சத்துக்குள் சொந்தக் குடியிருப்பு கட்டினால் அது கிடையாது, உங்களுக்கு உண்டு.

ஆக, பூஜை போடுவதற்கு முன்பே நீங்கள் கிட்டத்தட்ட 4 லட்சம் பள்ளத்தில் நிற்கிறீர்கள். இதில் நான் கடகாலை, அதாவது அஸ்திவாரத்தை, சேர்க்கவே இல்லை.


ஃபைவ்ஸ்டார்_குமுளி | 11 ஜனவரி 2025

ஊராட்சிதானே அண்ணா. எங்கள் தெருவில் யாருமே பிளான் வாங்கவில்லை, எல்லோரும் கட்டிக் குடியும் வந்துவிட்டார்கள். சுயசான்று என்று அரசே விட்டுவிட்டது. சும்மா பயமுறுத்துகிறார்கள்.


மூலப்பத்திரம் | 12 ஜனவரி 2025

பத்திர எழுத்தர் அலுவலகத்தில் இருபது வருடம் டைப் அடித்தவள் நான். மேலே உள்ள பதிவைப் படித்ததும் சும்மா இருக்க முடியவில்லை.

சுயசான்று என்றால் அனுமதி வேண்டாம் என்று பொருள் இல்லை. 2024 ஜூலை 22-இல் தொடங்கிய திட்டம் அது. அப்போது வைத்த வரம்புப்படி மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் மாடியும், உயரம் 7 மீட்டருக்குள் இருந்தால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் நாமே விண்ணப்பித்து, பணம் கட்டி, உடனே அனுமதியை இறக்கிக்கொள்ளலாம். யாரும் வந்து முன்கூட்டிப் பார்க்க மாட்டார்கள். பரிசீலனைக் கட்டணமும் கிடையாது. நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் "எல்லாம் விதிப்படி இருக்கிறது" என்று கையெழுத்துப் போடுவது வீட்டுக்காரர். சொன்னது தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். அன்றைக்கு கான்ட்ராக்டர் வேறு ஊரில் வேறு வீடு கட்டிக்கொண்டிருப்பார்.

குமுளித் தம்பி, உங்கள் தெருவில் எத்தனை பேர் பேங்க் கடனில் கட்டினார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

சரி, கரிசல்வீட்டான் தம்பியிடம் நான் கேட்க வேண்டியது வேறு. மனை 2014-இல் வாங்கியது. லே-அவுட் அங்கீகரிக்கப்பட்டதா? அந்தக் காலத்தில் கல்லை நட்டு, வண்ணக் கொடி கட்டி விற்றதில் பாதிக்கு மேல் அங்கீகாரம் இல்லாதவை என்பது என் அனுபவம். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகுதான் ஊரே விழித்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவானவற்றுக்காக 2017-இல், பணம் கட்டி அங்கீகாரம் வாங்கிக்கொள்ளும் வரன்முறைத் திட்டம் வந்தது. உங்கள் மனை அதில் வரன்முறை ஆகியிருக்கிறதா? இல்லையென்றால் சுயசான்று, பேங்க் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது, பட்டா யார் பெயரில்? பத்திரம் அப்பா பெயரில், பட்டா இன்னும் லே-அவுட் போட்டவர் பெயரில் அல்லது கூட்டுப் பட்டாவில் என்றால் உட்பிரிவு செய்து, உங்கள் மனையைத் தனிப் பட்டாவாகப் பிரித்தாக வேண்டும். சர்வேயர் நேரில் வந்து அளக்க வேண்டிய வேலை அது. பூஜைக்கு நாள் குறித்ததைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.


கரிசல்வீட்டான் | 12 ஜனவரி 2025

அக்கா, நீங்கள் கேட்டதும் இ-சேவைத் தளத்தில் பார்த்தேன். கூட்டுப் பட்டாதான், ஒன்பது பேர் பெயர் இருக்கிறது. அப்பா பெயரே அதில் இல்லை. வரன்முறை பற்றிக் கேட்டால் அப்பா, "ஏதோ பணம் கட்டினேன், பேப்பர் எங்கேயோ இருக்கு" என்கிறார். தேடச் சொல்லியிருக்கிறேன்.

சதுரக்கணக்கு சார், கான்ட்ராக்டரிடம் கேட்டேன். போர்டிகோ, மாடிப்படி, அதன் மேல் வரும் ஹெட்ரூம் எல்லாம் சேர்த்துத்தான் 14 சதுரமாம். சுவருக்குள் எவ்வளவு வரும் என்றால், "அது ஒரு பதினொண்ணு வரும் சார்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.


கொத்தனார்_மகன் | 13 ஜனவரி 2025

கோவில்பட்டி என்றதும் நான் எதிர்பார்த்த கேள்வி ஒன்று இன்னும் வரவில்லை. மண் என்ன மண்?

எங்கள் அப்பா விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் நாற்பது வருடம் வேலை பார்த்தவர். கரிசல் மழையில் உப்பும், கோடையில் உள்ளங்கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் சாதாரணமாக நாலடி தோண்டிக் கல் கட்டிய வீடுகள் மூன்றாம் வருடம் ஜன்னல் மூலையிலிருந்து குறுக்கே விரிசல் விடுவதை நானே பார்த்திருக்கிறேன். கரிசலைத் தாண்டிக் கெட்டி மண்ணோ சுக்கான் பாறையோ வரும்வரை கடகால் போக வேண்டும், இல்லையென்றால் அதற்கேற்ற பைல் (ஆழத்துக்கு இறக்கும் கான்கிரீட் தூண்) போட வேண்டும். உங்கள் கான்ட்ராக்டரின் கொட்டேஷனில் "கடகால் 5 அடி வரை" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். ஆறாவது அடியிலிருந்து மீட்டர் ஓடத் தொடங்கும்.

உள்ளே நிரப்புவதற்கும் தோண்டிய கரிசலையே திருப்பிக் கொட்ட விடாதீர்கள். பேஸ்மட்டத்துக்கு (தரை போடும் உயரம் வரை நிரப்ப) கிராவல், அதாவது சரளை மண், தனியாக வர வேண்டும்.

அப்புறம், லேபர் கான்ட்ராக்ட் யோசித்தீர்களா? பொருளை நாமே வாங்கிப் போட்டு, கூலி மட்டும் பேசினால் பத்து சதவீதமாவது மிச்சமாகும். மேலோட்டமாக, ஒரு சதுரத்துக்கு 40 மூட்டை சிமெண்ட், 350 முதல் 400 கிலோ கம்பி என்று வைத்துக்கொண்டால் கணக்கு பிசகாது.


சதுரக்கணக்கு | 13 ஜனவரி 2025

மண் விஷயத்தில் கொத்தனார்_மகன் சொன்னதற்கு ஒரு கும்பிடு. மண் பரிசோதனைக்கு ஆகும் சில ஆயிரங்களை மிச்சம் பிடிக்காதீர்கள் தம்பி. மொத்த வீட்டுக்கும் மலிவான காப்பீடு அதுதான்.

லேபர் கான்ட்ராக்டில்தான் எனக்கு உடன்பாடில்லை. காலையில் எட்டு மணிக்கு சைட்டில் நின்று, மணல் லாரி வந்தால் யூனிட்டை டேப் வைத்து அளந்து, சாயங்காலம் சிமெண்ட் மூட்டை எண்ணுகிற ஆள் இருந்தால் மிச்சமாகும். இவர் 550 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.


கொத்தனார்_மகன் | 13 ஜனவரி 2025

அவருடைய அப்பா ஊரில்தானே இருக்கிறார்?


கரிசல்வீட்டான் | 13 ஜனவரி 2025

அப்பாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. எண்ணச் சொன்னால் எண்ணுவார். லாரிக்காரரோடு சண்டை போடுவதற்கு ஆள் இல்லை. சண்டையைத் தவிர்க்க இரண்டு மூட்டையை விட்டுக்கொடுத்துவிடுவார்.


கொத்தனார்_மகன் | 13 ஜனவரி 2025

அப்படியென்றால் முழுக் கான்ட்ராக்ட்டே போங்கள். நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் கான்கிரீட் போடும் நாளிலும் அதற்கு முந்தைய நாள் கம்பி கட்டி முடித்ததும் நீங்கள் நேரில் இருக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் போட்டோ போதும். தளம் போட்ட பிறகு தண்ணீர் கட்டி நிறுத்துவதை மட்டும் அப்பாவிடம் விடுங்கள், அதில் பெரியவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.


இ.எம்.ஐ_ஏகாம்பரம் | 15 ஜனவரி 2025

பொங்கல் வாழ்த்துகள். பேங்க் பக்கத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் நான்.

20 லட்சம் கடன் என்றால் 20 லட்சம் அக்கவுண்டில் வந்து விழாது. கட்டக் கட்டத்தான் தருவார்கள். அதுவும் முதலில் உங்கள் பங்கு உள்ளே போயிருக்க வேண்டும் என்பார்கள். நான் கட்டியபோது பேஸ்மட்டம் முடியும்வரை ஒரு ரூபாய் வரவில்லை. ஆகவே உங்கள் 18 லட்சத்தை முதல் மூன்று மாதத்தில் எடுக்கத் தயாராக வைத்திருங்கள். சீட்டுப் பணம் ஆடியில்தான் வரும் என்பதெல்லாம் நடக்காது. பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்து, "இந்தக் கட்டம் முடிந்தது" என்று எழுதினால்தான் அடுத்த தவணை. நடுவில் இரண்டு வாரம் இழுத்தால் கான்ட்ராக்டர் ஆளை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார், அதன்பிறகு அவர்களைத் திரும்பப் பிடிப்பது தனிக் கதை.

மனை அப்பா பெயரில் என்றால் அவரும் கடனில் கையெழுத்துப் போட வேண்டும், அல்லது உங்களுக்குத் தான செட்டில்மென்ட் எழுத வேண்டும். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு உண்டு. விற்பனைப் பத்திரத்தின் 7 சதவீத முத்திரைத் தீர்வையையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணத்தையும் நினைத்துப் பயப்பட வேண்டாம்.

வட்டிக்கு வருடம் 2 லட்சம் வரை வருமான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து வருடத்துக்குள் வீடும் முடிந்திருக்க வேண்டும். புதிய முறைக்கு மாறியவர் என்றால் இந்தக் கழிவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.


கரிசல்வீட்டான் | 2 பிப்ரவரி 2025

ஒரு நல்ல செய்தி. வரன்முறை ஆணை கிடைத்துவிட்டது! அப்பா 2018-இல் பணம் கட்டி முறையாக வாங்கியிருக்கிறார். பரணில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ரேஷன் கார்டு நகல், என் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், இந்த ஆணை. ஏழு வருடம் அங்கேயே இருந்திருக்கிறது. "நீ கேக்கல, நான் சொல்லல" என்கிறார்.

உட்பிரிவுப் பட்டாவுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பூஜையைத் தள்ளிவைத்துவிட்டோம். அம்மாவுக்கு வருத்தம்.


மூலப்பத்திரம் | 2 பிப்ரவரி 2025

அந்த மஞ்சப்பைக்கு ஒரு மாலை போடுங்கள். செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால் பட்டா அப்பா பெயருக்கு வந்த பிறகு எழுதுங்கள், குழப்பம் குறையும். உட்பிரிவு முடிந்த மனையில் அடுத்த மாற்றம் சுலபம். சர்வேயர் வரும் நாளில் நான்கு எல்லைக்காரர்களுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். கல் நட்ட பிறகு வரும் சண்டையைவிட நடும்போது வரும் சண்டை சின்னது.


துபாய்_திண்ணை | 3 பிப்ரவரி 2025

கான்ட்ராக்டருடன் ஒப்பந்தம் போடும்போது ஒரு அனுபவம். நான் போட்டதில் "முதல் தர டைல்ஸ், நல்ல கம்பெனி ஒயர்" என்று இருந்தது. முதல் தரம் எது என்பதில் அவருக்கும் எனக்கும் இரண்டு லட்ச ரூபாய் வித்தியாசம். டைல்ஸுக்குச் சதுர அடிக்கு இத்தனை ரூபாய், கதவுக்கு இத்தனை, பாத்ரூமுக்கு மொத்தம் இத்தனை என்று தொகையாக எழுதுங்கள். பணத்தையும் வேலைக்குப் பின்னாலேயே கொடுங்கள், முன்னால் ஓட விடாதீர்கள். கடைசித் தவணையைப் பெயின்ட் முடிந்த அன்று கொடுக்காமல் ஒரு மழை பார்த்துவிட்டுக் கொடுப்பது என்று நான் எழுதியிருக்க வேண்டும்.


கரிசல்வீட்டான் | 27 ஏப்ரல் 2025

நீண்ட நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். பட்டா மார்ச் இறுதியில் வந்தது. செட்டில்மென்ட் முடிந்து என் பெயருக்கும் மாறிவிட்டது. பிளானை மூன்றாவது முறையாக மாற்றி, தரைத்தளம் 1,080 சதுர அடி, வெளியே மாடிப்படி, பின்னாளில் மேலே எழுப்புவதற்கேற்ற பில்லர் என்று முடிவு செய்தோம். சதுரக்கணக்கு சாருக்குத் தெரிந்த ஒரு இன்ஜினியரிடம் வரைந்து வாங்கினேன். சுயசான்றில் போட்டு, பணம் கட்டிய அன்றே அனுமதி வந்தது. அந்த ஒரு நாளுக்கு முன்னால் மூன்று மாதம் இருந்தது என்பதைக் கான்ட்ராக்டரிடம் சொன்னேன், சிரித்தார்.

மண் பரிசோதனையில் எட்டரை அடிக்குக் கீழேதான் கெட்டி மண். கடகாலுக்கு மட்டும் 2 லட்சத்து 60 ஆயிரம் கூடுதல். கொத்தனார்_மகன், நீங்கள் சொல்லாமல் இருந்தால் இதை நான் குழி தோண்டிய பிறகுதான் தெரிந்துகொண்டிருப்பேன், பிளானைச் சுருக்கவும் வழி இருந்திருக்காது.

இப்போது வேலை நிற்கிறது. கனிமவள நில வரி வந்ததைத் தொடர்ந்து குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் நடந்ததல்லவா, எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), ஜல்லி விலை ஏறிவிட்டது, கட்டுப்படியாகாது என்று 60 ஆயிரம் கூடுதலாகக் கேட்கிறார். ஒப்பந்தத்தில் விலை ஏற்றம் பற்றி ஒரு வரியும் இல்லை. கொடுக்கலாமா?


சதுரக்கணக்கு | 27 ஏப்ரல் 2025

சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் எம் சாண்ட் ஏறியது உண்மை, அவர் கதை கட்டவில்லை. நஷ்டத்தில் வேலை செய்பவர் அதைச் சிமெண்டில் ஈடுகட்டிக்கொள்வார், அது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. எம் சாண்ட், ஜல்லி பில்லைக் காட்டச் சொல்லுங்கள், உண்மையான வித்தியாசத்தில் பாதியைக் கொடுங்கள். சிமெண்ட் விலை இறங்கினால் அதையும் கழிப்பேன் என்று சொல்லி வையுங்கள்.


கரிசல்வீட்டான் | 23 நவம்பர் 2025

குடிவந்துவிட்டோம். கேட்டவர்களுக்காக முழுக் கணக்கு:

கட்டுமானம் 1,080 அடி, சதுர அடி 2,350 (சின்ன வீடு என்று 50 ரூபாய் ஏற்றினார்), 25 லட்சத்து 38 ஆயிரம். கடகால் கூடுதல் 2.60. எம் சாண்ட் பஞ்சாயத்து 30 ஆயிரத்தில் முடிந்தது. கம்பவுண்டு முன்பக்கமும் தென்பக்கமும் மட்டும், கேட் சேர்த்து 1.40, மற்ற இரண்டு பக்கமும் இப்போதைக்குக் கம்பிவேலி. போர், மோட்டார் 1.25. தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க் 1.60. செட்டில்மென்ட், உட்பிரிவு, பிளான், தொழிலாளர் நல வரி, மின் இணைப்பு, பேங்கின் அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து 1.45. அடுக்களையும் அலமாரியும் 1.90. டைல்ஸ், ஒயரிங்கில் நாங்களே ஆசைப்பட்டு ஏற்றியது 95 ஆயிரம். கிரகப்பிரவேசம் 85 ஆயிரம். அதை வீட்டுக் கணக்கில் எழுதக்கூடாது என்று மனைவி சொல்கிறாள், ஆனால் பணம் அதே அக்கவுண்டிலிருந்துதான் போனது.

மொத்தம் 37 லட்சத்து 68 ஆயிரம். 14 சதுரத்தோடு பிடிவாதமாக இருந்திருந்தால் கூரை மட்டத்தில் நின்றிருப்பேன்.

செப்டம்பர் 22-இல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆனபோது எங்களுக்குப் பூச்சு வேலையே முடிந்துவிட்டது. அதிர்ஷ்டம்! சதுரக்கணக்கு சார் சொன்ன "கழிப்பேன்" வசனத்தைப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒரு தப்பும் நடந்தது. வடபக்கம் பாத்ரூம் சுவரை முக்கால் அடி வெளியே தள்ளிப் பில்லர் குழி போட்டுவிட்டார்கள். "யார் பாக்கப்போறா" என்றார் மேஸ்திரி. கையெழுத்து என்னுடையது என்பதால் மூடித் திருத்தச் சொன்னேன். ஒரு நாள் கூலி போனது.


கொத்தனார்_மகன் | 23 நவம்பர் 2025

வாழ்த்துகள் அண்ணா. ஐப்பசி மழை பார்த்தாயிற்று, சுவரில் ஏதாவது?


கரிசல்வீட்டான் | 23 நவம்பர் 2025

வீட்டுச் சுவரில் ஒன்றும் இல்லை. கம்பவுண்டில் தென்மேற்கு மூலையில் முடியளவு ஒரு கோடு விட்டிருக்கிறது. அதற்கு மூன்றடிதான் தோண்டினோம், காசு மிச்சம் பிடித்தது அங்கேதான்.


மூலப்பத்திரம் | 24 நவம்பர் 2025

கம்பவுண்டுதானே, போகட்டும். வீட்டு வரி போட்டுவிட்டீர்களா? ஊராட்சியில் வரி விதிப்புக்கு எழுதிக் கொடுத்து, முதல் ரசீதை வாங்கி பத்திரத்தோடு வையுங்கள்.


கரிசல்வீட்டான் | 24 நவம்பர் 2025

போன வாரமே போட்டாயிற்று அக்கா. ரசீது எங்கே என்று கேட்டேன். அப்பா மஞ்சப்பையைக் காட்டினார்.